முன் ஷாஃப்ட் குடிக்காத டீசல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பவர்களின் காதில் விழாமல் தப்பாத யோசனை ஒன்று உண்டு. “எதுக்குண்ணே ஃபோர் வீல்? முன் ஷாஃப்ட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க. லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடக் குடுக்கும்.” பட்டறையில் சொல்கிறார்கள், டீக்கடையில் சொல்கிறார்கள், பழைய வண்டி வாங்கி விற்கும் தரகர்கள் சொல்கிறார்கள். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய பிறகு இது யோசனை என்ற நிலையிலிருந்து ஊரறிந்த உண்மை என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டது. ஷாஃப்ட்டோடு நிறுத்தாமல் முன் ஆக்ஸிலையே எடுத்துவிட்டு டம்மி ஆக்ஸில் போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கழற்றிய சாமான் தொழுவத்து மூலையில் துருப்பிடித்து, கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போகிறது.

இந்த நம்பிக்கை தவறு. கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்ட உண்மை என்றுகூட இதைச் சொல்ல முடியாது. பெரும்பாலான வண்டிகளில் இது சொல்லும் மிச்சம் கிடையவே கிடையாது. மிஞ்சுவதாகத் தோன்றும் சில ரூபாய்க்காகக் கரிசல் காட்டில் நமக்கு இருக்கும் ஒரே பிடிமானத்தை நாமே கழற்றி எறிகிறோம்.

முதலில் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் பக்கம் ஓடும் பழைய மகிந்திரா ஜீப்புகள், எம்எம் 540, மாருதி ஜிப்ஸி, முதல் தலைமுறை தார், இவை எல்லாமே தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி கொடுக்கும் வகை. குட்டிக் கியர் கம்பி இரண்டு சக்கர நிலையில் இருக்கும்போது இன்ஜினிலிருந்து முன் ஷாஃப்ட்டுக்கு ஒரு துளி சக்தியும் போவதில்லை. அங்கே இணைப்பே அறுந்திருக்கிறது. முன் சக்கரங்களில் லாக்கிங் ஹப் இருந்து, அதுவும் ‘ஃப்ரீ’யில் இருந்தால், முன் ஆக்ஸிலுக்குள் உள்ள கம்பிகளும் கிரவுனும் முன் ஷாஃப்ட்டும் அசையாமல் சும்மா கிடக்கும். அசையாமல் கிடக்கும் இரும்பு டீசல் குடிக்காது. அதைக் கழற்றினால் மிச்சமாவது அந்த இரும்பின் எடை மட்டும்தான். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி வண்டியில் 45 கிலோ கூடினால் எரிபொருள் செலவு ஒரு சதவீதம் அளவுக்குக் கூடும். முன் ஷாஃப்ட்டின் எடை அதில் கால்வாசிகூட வராது. பின் இருக்கைக்கு அடியில் கிடக்கும் பழைய பேட்டரியையும் செயினையும் இறக்கி வைத்தாலே அதைவிட அதிக மிச்சம்.

ஹப் இல்லாத பழைய ஜீப்புகளின் கதை கொஞ்சம் வேறு, அதை மறைக்க வேண்டியதில்லை. அவற்றில் சக்கரம் சுற்றும்போது முன் ஆக்ஸில் கம்பி சுற்றும், கிரவுன் சுற்றும், முன் ஷாஃப்ட்டும் வெறுமனே சுற்றும். இன்ஜின் இவற்றைச் சுழற்றவில்லை, தரையில் உருளும் சக்கரம்தான் சுழற்றுகிறது. ஆனாலும் அந்த வேலைக்கான சக்தி கடைசியில் டீசலிலிருந்துதானே வரவேண்டும் என்று கேட்டால், ஆம், வரவேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. சுமையே இல்லாமல் சுற்றும் பல்சக்கரங்கள் தின்பது எண்ணெயைக் கலக்கும் உராய்வும் பேரிங்கின் உராய்வும் மட்டுமே. குளிர்நாட்டில் 90 நம்பர் ஆயில் பாகுபோல இறுகி நிற்கும், அங்கே இந்த உராய்வுக்கு ஒரு கணக்கு உண்டு. சித்திரை வெயிலில் நம் ஊரில் அந்த ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பது டிரெயின் நட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்ற வாக்குறுதியை நேராகவே சோதித்துவிடலாம். பத்துக் கிலோமீட்டர் கொடுத்த வண்டி பன்னிரண்டு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 5 லிட்டர் குடித்த வண்டி 4.2 லிட்டர் குடிக்கிறது என்று பொருள். மணிக்கு 0.8 லிட்டர் டீசலில் ஏறத்தாழ 8 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. டீசல் இன்ஜின் அதில் கால் பங்கைத்தான் சுழலும் சக்தியாக மாற்றுகிறது என்று குறைத்தே கணக்கிட்டாலும், முன் ஆக்ஸிலும் ஷாஃப்ட்டும் ஓயாமல் 2 கிலோவாட்டைத் தின்றுகொண்டிருந்தன என்று ஆகிறது. தின்ற சக்தி மாயமாகிவிடாது, வெப்பமாகத்தான் வெளியே வரும். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை முன் ஆக்ஸிலுக்குள் வைத்து ஒரு மணி நேரம் தொடர்ந்து சுட வைத்ததற்குச் சமம் அது. அருப்புக்கோட்டையிலிருந்து புறப்பட்டுத் திருச்சுழி வழியாக நரிக்குடி வரை ஓட்டிப் போய், வண்டியை நிறுத்திவிட்டு முன் கிரவுன் ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். அடுத்து பின் ஹவுசிங்கைத் தொடுங்கள். வண்டியின் முழுச் சுமையையும் இழுத்து வந்த பின் ஹவுசிங்தான் சூடாக இருக்கும். முன்னது கையை வைத்தபடி பேசிக்கொண்டிருக்கும் அளவுக்குத்தான் சுடும். அப்படியில்லாமல் முன் ஹவுசிங் கொதித்தால் அங்கே பேரிங் போயிருக்கிறது, அல்லது ஆயிலே இல்லை. அதற்குச் செய்ய வேண்டியது பழுது பார்ப்பது.

பிறகு ஏன் கழற்றியவர்கள் மைலேஜ் கூடியது என்று சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். இந்த நம்பிக்கைக்கு மூன்று வேர்கள் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஒன்று, கம்பியை நான்கு சக்கர நிலையிலேயே விட்டுவிட்டுத் தார்ச்சாலையில் ஓட்டும் பழக்கம். இது உண்மையாகவே டீசலைத் தின்னும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் போகும் தூரமும் பின் சக்கரம் போகும் தூரமும் வேறு வேறு. நடுவில் அந்த வித்தியாசத்தை ஏற்கும் டிஃபரன்ஷியல் இந்த வகை ஜீப்புகளில் கிடையாது. சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாததால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றை ஒன்று முறுக்கும். ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும், கிராஸ் உடையும், டீசல் வீணாகும். இப்படி ஓட்டியவர் ஷாஃப்ட்டைக் கழற்றினால் மைலேஜ் கூடத்தான் செய்யும். ஆனால் கம்பியை ஒருமுறை பின்னுக்குத் தள்ளியிருந்தாலே அதே மைலேஜ் காசு செலவில்லாமல் வந்திருக்கும்.

இரண்டாவது, பட்டறையில் வண்டி நிற்கும் அந்த இரண்டு நாளில் வேறு என்னவெல்லாம் நடக்கிறது என்பது. ஷாஃப்ட்டைக் கழற்ற வண்டியைத் தூக்கினால் முன் சக்கரத்தைக் கழற்றுவார்கள். பேரிங்குக்குப் புது கிரீஸ் அடைப்பார்கள். ஒட்டிக்கொண்டிருந்த பிரேக்கைத் தளர்த்துவார்கள். இன்ஜின் ஆயிலும் டீசல் ஃபில்டரும் மாறும். டயருக்குக் காற்றும் பிடித்திருப்பார்கள். இத்தனையும் சேர்ந்து கொடுத்த பலனின் பெயர் முழுதும் கழற்றப்பட்ட ஷாஃப்ட்டுக்குப் போய்விடுகிறது. அந்த ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு மறுபடி அளந்து பார்த்தவர் யாராவது இருக்கிறாரா?

மூன்றாவது, மனசு. காசு செலவழித்து ஒரு காரியம் செய்தவர் அடுத்த சில வாரங்கள் மிதமாக ஓட்டுவார், மீட்டரைப் பார்த்தபடியே ஓட்டுவார். கால் இலேசானதால் வந்த மிச்சத்தை அவர் இரும்பின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

கம்பெனியே இரண்டு சக்கர மாடல் போடுகிறதே, அது அதிகம் கொடுக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. 2020 அக்டோபரில் வந்த புதிய தார் நான்கு சக்கர வண்டியாகத்தான் வந்தது. 2023 ஜனவரியில் மகிந்திரா பின் சக்கர இயக்கத் தாரை 9.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் இறக்கியது. அந்த டீசல் வண்டியில் முன் ஷாஃப்ட் மட்டுமா இல்லாமல் போனது? 2.2 லிட்டர் இன்ஜினுக்குப் பதில் 1.5 லிட்டர் இன்ஜின் வந்தது. இன்ஜினே வேறாக இருக்கும் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஷாஃப்ட்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை. இதற்கு முன்னோடியும் இருக்கிறது. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1950களின் நடுவில் டிஜே-3ஏ என்ற இரண்டு சக்கர ஜீப்பைப் போட்டது. முன்னால் சாதாரண ஆக்ஸில், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸே கிடையாது. அப்படிப் பிறந்த வண்டி இலகுவானது, விலையும் குறைவு. நம் பட்டறையில் ஷாஃப்ட்டை மட்டும் கழற்றினால் ஆக்ஸிலின் கனம் அப்படியே நிற்கும், ட்ரான்ஸ்ஃபர் கேஸின் கனமும் நிற்கும். அதைவிட முக்கியமானது, மகிந்திரா 1947 முதல் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் குடும்பத்து ஜீப்புகளில் பின் சக்கரத்துக்குப் போகும் சக்தியே ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பல்சக்கரங்கள் வழியாகத்தான் போகும். முன் ஷாஃப்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பல்சக்கரங்கள் சுழன்றே ஆக வேண்டும், அங்கே ஆகும் நட்டமும் ஆகியே தீரும். ஆகவே நம் பட்டறை தருவது பாதி வேலை. கம்பெனியின் முழு வேலைக்கு உரிய பலனை அதனிடம் எதிர்பார்ப்பது எப்படி?

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டிகளிலும் இதையே செய்யத் துணிபவர்கள். 2009இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஃபார்ச்சூனர் அந்த வகை. அவற்றில் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. ஒரு பக்கத்து ஷாஃப்ட்டைக் கழற்றினால் சக்தி அந்த வெற்றுப் பக்கத்திலேயே ஓடித் தீர்க்கப் பார்க்கும். நடு டிஃபரன்ஷியலை லாக் செய்தே காலமெல்லாம் ஓட்ட வேண்டிவரும். விஸ்கஸ் கப்ளிங் உள்ள வண்டி என்றால் அது சூடேறிக் கெட்டுப்போகும். டஸ்டர், எக்ஸ்யூவி 500 போன்றவற்றின் நான்கு சக்கர மாடல்களிலோ காய்ந்த சாலையில் முன் சக்கரத்துக்குத்தான் சக்தி பெரும்பாலும் போகிறது. அங்கும் கழற்றிச் சாதிக்கப் பெரிதாக எதுவும் இல்லை. முன் ஆக்ஸில் கம்பிகளை உருவி எடுப்பது இதைவிட ஆபத்து. பல வண்டிகளில் சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்தக் கம்பியின் வெளி முனைதான். அதை எடுத்துவிட்டு ஓட்டினால் பேரிங் பிளந்து சக்கரமே வெளியே வரும்.

இப்போது காசுக் கணக்கு. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் ஜீப், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 1,000 லிட்டர் டீசல். ஹப் இல்லாத பழைய ஜீப்பில் முன் பக்கச் சுழற்சி இரண்டு சதவீதத்தைத் தின்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன். 20 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 1,840 ரூபாய், ஒரு வருஷத்துக்கு. கரிசலில் ஒரே ஒருமுறை புதைந்து டிராக்டரைக் கூப்பிட்டால் அதில் பாதி அன்றைக்கே போய்விடும். டிராக்டர்க்காரர் உழவு ஓட்டும் நாளில் தன் வேலையை விட்டுவிட்டு வரவும் வேண்டும்.

அந்த 1,840 ரூபாயும் வேண்டும் என்பவர் லாக்கிங் ஹப் ஒரு ஜோடி வாங்கி மாட்டலாம். தை பிறந்து மண் காய்ந்ததும் ஃப்ரீயில் திருப்பிவிடலாம், புரட்டாசி கடைசியில் லாக்குக்குத் திருப்பலாம். இடையில் மாதத்துக்கு ஒருமுறை லாக் செய்து ஏதாவது மண்பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் மேல் ஆயில் படும். கழற்றுவதால் கிடைக்கும் அத்தனை மிச்சமும் இதில் கிடைக்கும், எதையும் இழக்காமல்.

டீசல் உண்மையில் எங்கே போகிறது என்பதைப் பட்டறைகள் ஏன் பேசுவதில்லை என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலை வந்த பிறகு ஜீப்பையும் நூறில் விரட்டுகிறோம். ஜீப் செங்குத்தான கண்ணாடியும் பெட்டி உடம்பும் கொண்ட வண்டி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். எழுபதில் போகும்போது தடுக்கும் காற்று நூறில் போகும்போது இரண்டு மடங்காகத் தடுக்கும். பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டை வருவதற்குள் இந்த வேகம் தின்னும் டீசலின் பக்கத்தில் முன் ஷாஃப்ட் நிற்கவே முடியாது. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் என்ற மத்திய அரசு அமைப்பு 1978 முதல் இருக்கிறது. எண்பதில் போவதைவிட நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வரையிலான வேகத்தில் போனால் நாற்பது சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கலாம் என்று அது நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. இதைச் சுவரில் எழுதி வைத்திருக்கும் பட்டறை ஒன்று உண்டா?

டயர் காற்றும் அப்படித்தான். நான்கு டயரிலும் ஒரு பாயிண்ட் குறைந்தால் எரிபொருள் 0.2 சதவீதம் வீணாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. பத்துப் பாயிண்ட் குறைவாக ஓடும் ஜீப்புகள் நம் ஊரில் சாதாரணம். முன் ஷாஃப்ட்டின் மேல் சுமத்தப்படும் இரண்டு சதவீதம் அங்கேயே இருக்கிறது, காற்றுப் பிடிக்கும் கடையில் சில ரூபாயில் தீரக்கூடியதாக. மேலே கேரியர், முன்னால் இரும்பு கார்டு, கட்டம் போட்ட சேற்று டயர் என்று அழகுக்காக ஏற்றிக்கொண்டவை தனி. இதில் இரும்பு கார்டை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது தெர்மோஸ்டாட் வால்வு விஷயத்தில். “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே” என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு, அதாவது 80 டிகிரிக்கு மேல், சீக்கிரம் வந்து அங்கேயே நிற்பதற்காக வைத்த சாமான் அது. அது இல்லாத இன்ஜின், அதுவும் குறுந்தூரமாக ஓடும் ஊர் வண்டி, அரைச் சூட்டிலேயே ஓடி டீசலை அரைகுறையாக எரிக்கும், சிலிண்டரும் தேயும். டீசலை மிச்சப்படுத்தும் சாமானைக் கழற்றி எறிந்துவிட்டு, டீசலைத் தின்னாத சாமானையும் கழற்றி எறிந்துவிட்டு, மைலேஜ் இல்லை என்று புலம்புகிறோம். நாசில் எப்போது டெஸ்ட் செய்தது, பம்ப் டைமிங் எப்போது பார்த்தது, ஆயில் பாத் ஃபில்டரில் எத்தனை மாதமாகக் கரிசல் புழுதி படிந்து கிடக்கிறது? பின்னால் கரும்புகை கக்கும் ஜீப்புக்கு முன்னால் ஷாஃப்ட்டைக் கழற்றுவது எந்த ஊர் வைத்தியம்?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் வேறொன்று. இப்போது எல்லா ஊருக்கும் தார்ச்சாலை வந்துவிட்டது, பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000இல் தொடங்கியதிலிருந்து பட்டிதொட்டி எல்லாம் ரோடு, அப்புறம் எதற்கு நான்கு சக்கரம் என்பது. ரோடு வந்தது உண்மை. ஆனால் ரோடு ஊருக்குத்தான் வந்திருக்கிறது, புஞ்சைக்கு வரவில்லை. பரளச்சியிலோ எம். ரெட்டியபட்டியிலோ தார் முடியும் இடத்திலிருந்து காட்டுக்கும் களத்துக்கும் போகும் வண்டிப்பாதை இன்றும் கரிசல்தான். கண்மாய்க் கரை கரிசல்தான். சீமைக்கருவேலக் காட்டுக்குள் கரிமூட்டம் போடும் இடத்துக்குப் பாதையே கிடையாது, வண்டி போன தடம்தான் பாதை.

கரிசலைப் பற்றி இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் வாதத்துக்காகச் சொல்கிறேன். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் இந்த மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. அது தண்ணீரை உள்ளே இழுத்து ஊதும். முதல் மழையில் மேல்மண் வழுக்கும், மூன்றாம் மழையில் டயரோடு அப்பிக்கொண்டு வரும். கட்டைகளுக்கு நடுவே சேறு அடைத்துக்கொண்ட டயர் வழவழப்பான உருளையாகிவிடும். அந்த நேரத்தில் வண்டியை நகர்த்துவது இன்ஜினின் பலம் இல்லை, எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது, அந்தச் சக்கரத்துக்குச் சக்தி போகிறதா என்பதுதான். ஆள் ஏறாத ஜீப்பில் இன்ஜினின் கனம் முன்னால் இருக்கிறது. பாரம் இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப்பிலும் அப்படியே. முன் சக்கரங்களுக்குப் போகும் சக்தியை அறுத்துவிட்டால் வண்டியின் எடையில் பாதியோ அதற்கு மேலோ தரையைப் பிடித்துத் தள்ளுவதற்கு உதவாமல் வெறும் சுமையாகிறது.

உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் எடுக்கும் காலம் மண் முழுதாகக் காயாத காலம். அதற்கு முன்னே விதைப்பும் உரமும் களையெடுப்பும் மழைக்கு நடுவிலேதான். வருஷம் முழுதும் தாரில் ஓடினாலும், வண்டியின் அருமை தெரிவது இந்த மூன்று மாதத்தில். இரவில் காட்டு வீட்டில் ஒருவருக்குப் பாம்பு கடித்துவிட்டால் 108 வண்டி தார் முடியும் இடத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து உள்ளே போய்த் தூக்கி வரப் போகிறது ஊரில் யார் வண்டி?

சேற்றில் இரண்டு சக்கரம்தான் சிக்கனம் என்பதும் பொய். பின் சக்கரம் பத்து மீட்டருக்கான சுற்று சுற்றி வண்டி ஏழு மீட்டர்தான் நகர்கிறது என்றால், சக்கரத்துக்கு வந்த சக்தியில் பத்துக்கு மூன்று பங்கு மண்ணைக் கிளறுவதில் போய்விட்டது. நான்கு சக்கரத்திலும் சக்தி பிரிந்தால் வழுக்கல் குறையும், அந்த வீணும் குறையும். டிராக்டரில் முன் சக்கர இயக்கத்தை வைத்திருப்பதன் காரணமே இதுதான். ஈரக் கரிசலில் உழும்போது முன் சக்கரமும் இழுத்தால் அதே உழவுக்குக் குறைந்த டீசல் ஆகும். அதையே தார்ச்சாலையில் போட்டுக்கொண்டு போனால் டயர் தேயும், அதனால் ரோட்டில் ஏறியதும் கம்பியை எடுத்துவிட வேண்டும். டிராக்டர் ஓட்டுகிறவர்கள் இதை நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள். ஜீப்பிலும் இதே கதைதான் என்பதை ஏன் மறந்துபோகிறோம்?

ஷாஃப்ட் இல்லாத ஜீப்பில் இன்னொரு கேடு ஒளிந்திருக்கிறது. பழைய ஜீப்பில் குட்டிக் கியரை ‘லோ’வில் போட வேண்டுமானால் முதலில் நான்கு சக்கரம் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று சேராமல் மற்றது விழாதபடி உள்ளே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். காரணம், லோவில் முறுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். அதை இரண்டு ஆக்ஸிலும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. முன் ஷாஃப்ட்டைக் கழற்றியவர் குண்டாற்று மணலில் மாட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் லோவைப் போட்டு மிதித்தால், இரண்டரை மடங்கு முறுக்கும் பின் ஆக்ஸில் ஒன்றின் மேலேயே இறங்கும். கிரவுன் பினியன் பல் உடைவதும் ஆக்ஸில் கம்பி முறிவதும் அப்படித்தான். பத்து வருஷத்து மிச்சம் என்று நினைத்ததை அந்த ஒரு மிதி எடுத்துக்கொண்டு போகும்.

டம்மி ஆக்ஸில் போடுகிறவர்கள் சட்டத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்து என்று ஒன்று வந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது டம்மி ஆக்ஸில் என்ன பதில் சொல்லும்?

பராமரிப்புச் செலவு குறையும் என்ற வாதத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முன் கிராஸ் இரண்டு, ஆயில் சீல், ஆயில், ஸ்டீயரிங் நக்கிளுக்கு கிரீஸ். இந்தச் செலவு போகும். ஆனால் விற்கப் போகும்போது ஃபோர் வீல் ஜீப்புக்கு ஒரு விலை, கழற்றிய ஜீப்புக்கு ஒரு விலை என்பது தரகருக்குத் தெரியும். கழற்றச் சொன்னவரே அன்றைக்கு அதைக் காட்டி விலையைக் குறைப்பார். தார்ச்சாலையை விட்டு ஒருநாளும் இறங்காதவருக்கு நான்கு சக்கர வண்டியே தேவையில்லை. அவர் அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு இரண்டு சக்கர வண்டியாகவே பிறந்த ஒன்றை வாங்கிக்கொள்வதுதான் அவருக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது.

ஏற்கனவே கழற்றி வைத்தவர்கள் ஐப்பசிக்கு முன் மாட்டிவிடுங்கள். தொழுவத்தில் கிடக்கும் ஷாஃப்ட்டின் இரண்டு கிராஸும் துருவில்லாமல் திரும்புகின்றனவா என்று பாருங்கள், இறுகியிருந்தால் மாற்றுங்கள். ஸ்பிளைனில் கிரீஸ் அடியுங்கள். இரண்டு முனை யோக்கும் ஒரே வாக்கில் நிற்கும்படி மாட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டி அதிரும். முன் கிரவுனிலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலும் ஆயில் அளவைப் பாருங்கள். மாட்டுவதற்கு முன் டேங்கை வாய்வரை நிரப்பி, வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு டேங்க் ஓட்டி, அதே பங்கில் திரும்ப வாய்வரை நிரப்பி அளந்து கொள்ளுங்கள். மாட்டிய பின் அதே பாதையில், அதே வேகத்தில், அதே டயர் காற்றில் இன்னொரு டேங்க். கம்பி இரண்டு சக்கர நிலையில்தான் இருக்கிறதா என்று ஏறும்போதெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவையும் எழுதிக்கொண்டு போய், லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்று சொன்னவரிடம் காட்டுங்கள்.